தேதி கேட்பதா, கிழமை கேட்பதா? பள்ளியும் கல்லூரியும் கைகோக்கச் சில வழிகள்

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு விஷயம் இரண்டு கூட்டம் தாண்டியும் முடிவாகாமல் இழுத்தது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே அறிவியலும் கணிதமும் கொஞ்சம் கருவி வேலையும் பழக்க வேண்டும், அதற்கு ஒரு கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்த வழியில் என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு பேச்சு. ஐஐடி பெயர் வந்தால்தான் பெருமை என்றார் ஒருவர். ஒரு நாள் பஸ் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினால் போதும் என்றார் இன்னொருவர். பள்ளிக்குள்ளேயே ஒரு லேப் வரட்டும் என்றார் முன்னாள் மாணவர் ஒருவர்.

நான் அந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிற கிராமத்துப் பள்ளி. இந்த வழிகளில் சிலவற்றை நாங்கள் முன்பே செய்து பார்த்திருக்கிறோம், சிலவற்றைப் பக்கத்துப் பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்து 'ஸ்டெம்' என்ற பெயரில் இப்போது நிறையத் திட்டங்கள் வருகின்றன. எதை எடுப்பது என்று தலைமையாசிரியர்களும் பெற்றோரும் குழம்பி நிற்பதைப் பார்க்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, பிள்ளைகளை வளாகத்துக்குக் கூட்டிப்போவது. எங்கள் பக்கத்தில் இதற்குக் குறையே இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து காரைக்குடியில் இருக்கிறது. இதை நடத்தும் மத்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமமான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாள், செப்டம்பர் 26ஐ ஒட்டி அதன் ஆய்வகங்கள் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் கதவு திறக்கும். 2017இல் கேந்திரிய வித்யாலயாக்களோடு சேர்ந்து தொடங்கிய 'ஜிக்யாசா' திட்டமும் பள்ளிப் பிள்ளைகளை ஆய்வகத்துக்குள் அழைத்துப்போகிற திட்டம்தான்.

ஆனால் ஒரு நாள் பயணத்தின் பலன், அந்த நாளுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. சில வருடங்களுக்கு முன் தூரத்து வளாகம் ஒன்றுக்கு ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போனோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி. போய்ச் சேர்ந்ததும் அரங்கத்தில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் வரவேற்புரை, வாழ்த்துரை. அப்புறம் பெரிய நுண்ணோக்கி இருந்த அறைக்கு வெளியே வரிசையில் நின்று, கண்ணாடிக் கதவு வழியாக ஆளுக்குப் பத்து நொடி பார்த்தோம். 'தொடக்கூடாது' என்று கதவில் ஒட்டியிருந்தது. பேனருக்கு முன்னால் நின்று போட்டோ. வீடு திரும்பும்போது இரவு ஒன்பது. மறுநாள் 'என்ன பார்த்தாய்' என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் ஏசி அறையைப் பற்றியும், சாப்பாட்டைப் பற்றியும், புல்தரையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்கள் கையில் எடுத்துப் பார்க்க அங்கே ஒன்றுமே கொடுக்கப்படவில்லை.

அதனால் பயணமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் ஒரு மின்கலம் செய்து பார்த்த பிள்ளை மின்வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால், அங்கே இருப்பவரிடம் கேட்க அதனிடம் ஒரு கேள்வி இருக்கும். பயணத்தை வருடக் கடைசியில் வையுங்கள். முதல் வேலையாக வைக்காதீர்கள்.

இரண்டாவது, தங்கிப் படிக்கும் முகாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் முகாம் இந்த வகை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ 5 நாள். ஆராய்ச்சியாளர்கள் வந்து பேசுவார்கள், ஆய்வகத்தில் செய்து பார்க்க விடுவார்கள். போய்வந்த பிள்ளைகளிடம் தெரிகிற மாற்றம் உண்மையானது. 'நானும் இங்கே படிக்கலாம்' என்ற நினைப்பு ஐந்து நாளில் உள்ளே இறங்கிவிடுகிறது.

எங்களைப் போன்ற பள்ளிக்கு இதில் இரண்டு இடைஞ்சல். ஒன்று, முதல் ஒரு சதவீதம் என்றால் எங்களிடமிருந்து வருடத்துக்கு ஒரு பிள்ளை தேறுவதே பெரிய விஷயம். சில வருடங்களில் அதுவும் இல்லை. நன்றாக மதிப்பெண் எடுக்கும் பிள்ளையை இன்னும் மேலே தூக்குகிற திட்டம் இது, மற்றவர்களுக்கு இதில் இடம் கிடையாது. இரண்டாவது, வெளியே தங்குவது. கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "பொம்பளப் பிள்ளைய அஞ்சு நாளு வெளிய தங்க வைக்கணுமா சார்? கூட யாரு இருப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. கூடப் போகிற ஆசிரியை யார், எந்த விடுதி, இரவில் யாருக்கு போன் செய்யலாம் என்ற மூன்றுக்கும் பதில் எழுதி வீட்டில் கொடுத்த பிறகு, தயங்கிய வீடும் அனுப்பியிருக்கிறது. அழைப்பு வந்தால் கட்டாயம் அனுப்புங்கள். பள்ளியின் திட்டமாக மட்டும் இதை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது இணையவழி. இதில் சென்னை ஐஐடி செய்வதைப் பாராட்டத்தான் வேண்டும். 2022இல் 'பெட்டிக்கு வெளியே சிந்தனை' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு கணிதப் படிப்பை இலவசமாகக் கொண்டுவந்தார்கள். ஒரு கணக்கைப் பல வழியில் அணுகப் பழக்குவதுதான் அதன் நோக்கம். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஸ்கூல் கனெக்ட்' என்று தரவு அறிவியலிலும் மின்னணுவியலிலும் 8 வாரச் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. கட்டணம் 500 ரூபாய். பள்ளி பதிவு செய்துகொண்டால் அதன் பிள்ளைகள் சேரலாம்.

செலவு குறைவு, தூரம் பிரச்சினையே இல்லை, பெயரும் பெரியது. சரி, அப்புறம் ஏன் தயக்கம்? வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அது பிள்ளை கைக்கு வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும். எங்கள் பள்ளியில் பத்துப் பேர் ஓர் இணையப் படிப்பில் உற்சாகமாகச் சேர்ந்தார்கள், மூன்றாவது வாரத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று முதலில் நினைத்தேன். விசாரித்தால், பாதிப் பேர் ஏதோ ஓர் இடத்தில் புரியாமல் நின்று, கேட்க ஆள் இல்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வீடியோவில் ஆங்கிலம் வேகமாகப் போகிறது என்றும் சொன்னார்கள்.

அடுத்த முறை அதையே வேறு மாதிரி செய்தோம். சனிக்கிழமை காலை பள்ளியின் ஹைடெக் கணினி லேபைத் திறந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்தோம். கணித ஆசிரியை பக்கத்தில் இருப்பார். வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசுவார். இந்த முறை கடைசி வரை வந்தவர்கள் அதிகம். ஆக, இணையப் படிப்பும் ஓர் ஆளும் ஓர் அறையும் சேர்ந்தால்தான் அது எங்கள் ஊரில் ஓடுகிறது. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆகியிருப்பதால், அந்த வகுப்புக்கு இப்போது கொஞ்சம் மூச்சுவிட நேரமும் இருக்கிறது.

நான்காவது, லேப். பிள்ளைகள் கருவிகளை எடுத்துத் தாங்களே செய்துபார்ப்பதற்கான, நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேபுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. அமைக்கப் பத்து லட்சம், ஐந்து வருடம் நடத்தப் பத்து லட்சம். ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. 2025 மத்திய பட்ஜெட்டில் அடுத்த ஐந்து வருடத்தில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப் என்று அறிவித்தார்கள். ஆக, உங்கள் பள்ளிக்கும் வாய்ப்பு வரலாம், விண்ணப்பியுங்கள்.

ஆனால் நான் பார்த்த ஒரு லேபில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை எடுக்கப்படாமலே தூசி படிந்து கிடந்தது. பயிற்சி எடுத்த பொறுப்பாசிரியர் கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு அதை இயக்கத் தெரியாது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து பீரோ சாவியைத் தலைமையாசிரியர் மேசையிலேயே வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு யாரையும் கொடுக்கவில்லை. பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையிலிருந்து ஒருவர் மாதம் ஒரு தரம் வந்திருந்தால் அந்த உறை எப்போதோ கழன்றிருக்கும்.

இதோடு ஒப்பிட்டால் தமிழக அரசின் வானவில் மன்றம் எனக்குப் பிடித்த யோசனை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு, பொருள்களை எடுத்துக்கொண்டு ஸ்டெம் கருத்தாளர் ஒருவரே பள்ளிக்கு வருகிறார். பலூன், ஸ்ட்ரா, பாட்டில் மூடி என்று சின்னச் சாமான்கள்தான். பிள்ளைகள் அவரை வாசலில் பார்த்ததுமே ஓடுவார்கள். ஆனால் ஒருவருக்குப் பல பள்ளிகள், அடுத்த முறை வர நாள் ஆகிறது. இடைப்பட்ட நாட்களில் யார் என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது.

அங்கேதான் ஐந்தாவது வழிக்கு வந்தோம். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், ஒவ்வொரு வாரமும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், அதே ஆட்கள், அதே வகுப்புக்கு வருவது. இது புதிது இல்லை. திருச்சி என்ஐடி மாணவர்களின் 'இக்னிட்' குழு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜேஇஇ பயிற்சி கொடுக்கிறது. நாங்கள் நுழைவுத்தேர்வுக்காகக் கேட்கவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புக்குச் செய்துபார்க்கும் அறிவியல் கேட்டோம்.

ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பி.எஸ்சி. இரண்டாம் வருட மாணவிகள் இருவர் வந்தார்கள். ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண். எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஒரு ஜிஐ ஆணியும் ஒரு செம்புக் கம்பியும் செருகி மல்டிமீட்டரில் காட்டினார்கள். 0.9 வோல்ட். மூன்று பழத்தை வரிசையாக இணைத்தார்கள். 2.7 வந்தது. சிவப்பு எல்இடி எரிய இரண்டு வோல்ட் இருந்தாலே போதும் என்று சொல்லி மாட்டினார்கள். எல்இடி எரிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தி, கையைக் குவித்துப் பார்த்தால்தான் ஒரு பொட்டு வெளிச்சம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மல்டிமீட்டரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, பல்பு மாட்டறதுக்கு முன்னாடி 2.7 காட்டுச்சு. மாட்டினதும் 1.7தான் காட்டுது. மீதி எங்க போச்சு?"

வந்த பெண் கொஞ்சம் யோசித்தார். "எனக்குச் சரியாத் தெரியலம்மா. படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

எனக்கு விடை தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் வருகிற அகமின்தடை அது. சொல்ல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அதே பெண் வந்தார். கையில் அகலமான துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் இருந்தன. ஆணிக்குப் பதில் தகட்டைச் செருகினார்கள். எல்இடி முன்பைவிட நன்றாகவே எரிந்தது. பழத்துக்குள்ளேயும் மின்னோட்டத்துக்குத் தடை இருக்கிறது, தகடு அகலமானால் அந்தத் தடை குறைகிறது என்பதைப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். கேள்வி கேட்ட பெண்ணை நான் பன்னிரண்டாம் வகுப்பு லேபுக்குக் கூட்டிப்போய் மின்னழுத்தமானியைக் காட்டினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் அந்தக் கதவை நாங்களே பூட்டி வைத்திருந்தோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மற்ற நான்கு வழியிலும் கிடைக்காதது இதில் என்ன என்று கேட்டால், அந்த இரண்டு வாரத்தைத்தான் சொல்வேன். வளாகப் பயணத்தில் கேள்வி பஸ் ஏறியதோடு முடிந்துவிடும். வீடியோவிடம் கேட்க முடியாது. பெரிய பேராசிரியர் வந்திருந்தால் உடனே விடை சொல்லியிருப்பார், பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும். இங்கே, படித்த அக்காவுக்கும் தெரியாத கேள்வி ஒன்றைத் தான் கேட்டுவிட்டதும், அதற்காக அவர் திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளைக்கு மறக்கவே மறக்காது.

இங்கிலாந்தில் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 2009இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் தொடங்கிய 'ஆஸ்பயர்ஸ்' ஆய்வு. பத்து வயதிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு பிடித்தே இருந்தது. ஆனால் விஞ்ஞானியாக வேண்டும் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிடிக்கிறது, ஆனால் அது நமக்கானது இல்லை என்ற எண்ணம். அறிவியல் தெரிந்த ஒருவரைப் பழக்கத்தில் வைத்திருப்பது, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடப்பது போன்றவை அந்த எண்ணத்தை மாற்றுகின்றன என்று கண்டார்கள். இதைப் படித்த பிறகு, வருடத் தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேட்டேன்: 'அறிவியல் படித்தவர் யாராவது ஒருவர் பெயர் எழுது.' பாதிக்கு மேல் அப்துல் கலாம். வருடக் கடைசியில் அதையே கேட்டபோது, நிறையத் தாளில் அந்தப் பக்கத்து ஊர் அக்காவின் பெயர் இருந்தது.

இந்த வழிக்கு இப்போது நேரமும் கூடிவந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்த பிறகு, நம் பள்ளிகளிலிருந்து போன பிள்ளைகள் கல்லூரிகளில் கூடியிருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் படித்து இப்போது பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் இருப்பவர் யார் என்று முதலில் தேடுங்கள். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

குறைகளும் இருக்கின்றன. கல்லூரியில் செமஸ்டர் தேர்வு வந்தால் வருகை நின்றுவிடும். இரண்டு மாதம் தொடர்ந்து வராமல் போனதும் உண்டு. வருபவர் எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று இல்லை. ஒருமுறை ஒரு பையன் கரும்பலகையில் கல்லூரிப் பாடத்தையே எழுத ஆரம்பித்து, பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அதனால் ஒவ்வொரு வருகைக்கும் முன்னால் நானோ அறிவியல் ஆசிரியையோ அவர்களோடு போனில் பதினைந்து நிமிடம் பேசிவிடுகிறோம். என்ன செய்யப்போகிறீர்கள், பிள்ளைகளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று. பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற வேலையை அந்தப் பாடவேளையில் நாங்கள் செய்வதில்லை. வகுப்பில் ஆசிரியர் எப்போதும் இருக்க வேண்டும், வருபவர்கள் இருவராக வர வேண்டும், முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

கல்லூரியை ஏன் கெஞ்ச வேண்டும் என்று சிலருக்குக் கூச்சம். கெஞ்சவே வேண்டாம், அவர்களுக்கும் இது தேவை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் மதிப்பீட்டில், ஊருக்குள் போய்ச் செய்யும் விரிவாக்கப் பணிக்குத் தனி மதிப்பெண் உண்டு. உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி முதல்வரைப் பார்ப்பதற்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரையும் ஒரு துறைத் தலைவரையும் பார்ப்பது நல்லது. அறிவியல் துறையில் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு மனசு இருந்தால் வேலை ஓடும்.

கடைசியில் எங்கள் குழு எடுத்த முடிவு இது. ஆறு முதல் ஒன்பது வரை பக்கத்துக் கல்லூரியின் வருகைதான் முதல் திட்டம், கையில் இருக்கிற கொஞ்சப் பணம் சாமான் வாங்க அதற்கே. பதினொன்றில் விருப்பப்பட்டவர்களுக்குச் சனிக்கிழமை ஐஐடி படிப்பு, ஆசிரியையோடு. டிங்கரிங் லேபுக்கு விண்ணப்பிப்போம், ஆனால் கூட வந்து வேலை செய்ய ஒரு துறை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு. இன்ஸ்பயர் அழைப்பு வந்தால் ஆசிரியையோடு அனுப்புவோம். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, எலுமிச்சம்பழ வகுப்பு முடித்த பிள்ளைகள் மட்டும், ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போவார்கள்.

உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை ஏற்கெனவே தானாக ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு முகாமும் ஐஐடி படிப்பும்தான் முதலில். நகரத்தில் இருந்து, வீட்டில் கணினியும் இணையமும் உள்ள பிள்ளைகள் என்றால் என் வரிசையை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எங்களைப் போல் பஸ் வருகிற நேரத்தைப் பார்த்து மணியடிக்கிற பள்ளி என்றால், பக்கத்துக் கல்லூரியிடம் போங்கள்.

கடிதம் எழுதும்போது, 'சிறப்பு விருந்தினராக வருகை தர ஒரு தேதி தாருங்கள்' என்று எழுதாதீர்கள். நாங்கள் எழுதியது இப்படி: 'இரண்டாம், நான்காம் புதன்கிழமைகளில், ஜூலை முதல் பிப்ரவரி வரை, பிற்பகல் இரண்டு மணி முதல் மூன்றரை வரை, அதே இரண்டு மாணவிகள்.' அதற்குக் கீழே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட, எங்களுக்கும் விடை தெரியாத ஆறு கேள்விகளை எழுதி இணைத்தோம். பதில் மூன்றே நாளில் வந்தது.